சுண்ணாம்பு ஆகாத செடி

தெருவில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். ஆள் நல்ல கறுப்பு. காலையில் கறுப்பாகப் போகிறவர் மாலையில் தலைமுடி, புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெளுத்துத் திரும்புவார். சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை. வாலிபத்தில் டீக்கடையில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர், கிழவரான பிறகும் கழுவக் கழுவப் போகவில்லை. அவர் மனைவிக்கு அந்தப் பெயரில் தனி ருசி.

"வெள்ளைக்காரன் உலகத்தையே வளைச்சுப் போட்டான்னு சொல்றாங்க. எனக்கு வாய்ச்ச வெள்ளைக்காரருக்கு ஒரு கதவுகூடச் சொந்தமில்ல" என்பாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவர் வெள்ளையடித்த வீடுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு சின்ன ஊரே வரும். அத்தனையும் அடுத்தவர் வீடு. அவர்கள் குடியிருந்த அறைகளுக்கும் கணக்கில்லை. எந்த அறைக்குப் போனாலும் முதல் வேலையாக அவர் அதைத் கூரையிலிருந்து தரைவரை வெள்ளையடித்துவிடுவார். அறை பளிச்சென்று ஆனதும் வீட்டுக்காரரின் கண்ணில் படும். இந்த அறைக்கு இன்னும் நல்ல ஆள் கிடைப்பார்களே என்று தோன்றும். கொஞ்ச நாளில் காலி செய்யச் சொல்வார்கள்.

"உங்க கைராசி அப்படி" என்பாள் மனைவி. "நீங்க தொட்டது துலங்கும். நாம தெருவுக்கு வருவோம்."

சுண்ணாம்பைத் தவிர வேறொன்றும் தெரியாதவர். ஆனால் அதை மனதார நம்பினார். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டு நீற்றும்போது ஒருமுறை கொதித்துத் தெறித்த துளி அவருடைய இடது கண்ணில் பால்போல் நின்றுவிட்டது. அப்போதும் நம்பினார். சுண்ணாம்பு பட்ட இடத்தில் பூச்சி வராது, பூஞ்சை வராது, நாற்றம் வராது. கிணற்றுக்குச் சுண்ணாம்பு, மாட்டுக்கொட்டகைக்குச் சுண்ணாம்பு, சாலையோர மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு. "பிள்ளைத்தாய்ச்சிக்கு டாக்டர் எழுதிக் குடுக்கறதும் சுண்ணாம்புச் சத்துதான்" என்பார்.

"பிள்ளைத்தாய்ச்சியைப் பத்தி நீங்க பேசறீங்க பாருங்க" என்பாள் குழந்தை பிறக்காத மனைவி.

ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில்தான் அவர்களுக்குக் கடைசி அறை கிடைத்தது. சுவரின் அடிப்பட்டையை நூல் பிடிக்காமலே நேராக இழுத்த கையைச் சர்வேயருக்குப் பிடித்துப்போயிற்று. தோட்டத்தின் பின்மூலையில் ஓர் அறை சும்மா கிடந்தது. ஓட்டுக் கூரை, ஒரு ஜன்னல், வாசலில் தண்ணீர்க் குழாய். "வந்து இருந்துக்கங்க. வீட்டுக்கும் ஒரு ஆள் துணை" என்றார். வெள்ளைக்காரரின் மனைவி பெரிய வீட்டில் பாத்திரம் கழுவி, தரை துடைத்தாள். முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டும், எழுந்தால் உட்கார ஒரு மனசு வேண்டும் என்று தானே சொல்லிச் சிரிப்பாள். அந்த அறைக்கு வந்த பிறகுதான் அவள் மூட்டையில் கட்டி வைத்திருந்த பித்தளைப் பாத்திரங்களை வெளியே எடுத்து அலமாரியில் அடுக்கினாள். இனி மூட்டை கட்டத் தன்னால் முடியாது என்றும் சொல்லிவிட்டாள்.

தோட்டத்தில் மதில் சுவரை ஒட்டி ஒரு செடி இருந்தது. செடி என்று சொன்னாலும் ஆள் உயரம், இரண்டு ஆள் அகலம். மாவிலைபோல் தடித்த பச்சை இலை, எந்தக் காலத்திலும் உதிராது. கடுங்குளிரில் அந்த இலைகள் சுருட்டுபோலச் சுருண்டு, அதட்டு வாங்கிய நாயின் காதுகள்போலத் தொங்கும். வெயில் வந்ததும் விரியும். குளிர் முடிகிற சமயத்தில் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு பூங்கொத்து. ஒரு கொத்தை இரண்டு கையால் ஏந்தினாலும் விரல்களுக்கு வெளியே வழியும். இளஞ்சிவப்பு மணிகள், உள்ளே மிளகைத் தூவினாற்போல் புள்ளிகள். அந்த நாட்களில் தெருவில் போகிறவர்கள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள்.

சர்வேயர் அதை "செடி" என்று சொல்ல விடமாட்டார். "ரோடோடெண்ட்ரான்" என்பார், ஓர் எழுத்துக்கூட விடாமல்.

"என்னது, ரோடு டெண்டரா? யார் எடுத்திருக்காங்க?" என்று கேட்டாள் வெள்ளைக்காரரின் மனைவி.

சர்வேயர் சிரிக்கவில்லை. "பழைய பாஷை. ரோஜா மரம்னு அர்த்தம்."

"ரோஜாவும் இல்ல, மரமும் இல்லையே ஐயா."

"அந்தப் பேர் முதல்ல அரளிக்குத்தான் இருந்ததாம். பின்னாடி யாரோ இதுக்கு மாத்தி வச்சுட்டாங்க."

"அரளிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சியா. அப்போ இதையும் தின்னா சாவா?"

"ஆடு தின்னா சாகும். இதோட தேனைக் குடிச்சா மனுஷனுக்கும் தலை சுத்தும்" என்றார் சர்வேயர், தன் பிள்ளை பரீட்சையில் முதலாவது வந்ததைச் சொல்வதுபோல.

அந்தச் செடிக்கு அவர் ஒருவரே எல்லாம் செய்தார். வாடிய பூங்கொத்துகளை மொட்டு ஒடியாமல் விரலால் கிள்ளுவார். குழாய்த் தண்ணீர் கூடாது என்று கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து ஊற்றுவார். அடியில் ஊசியிலைச் சருகு பரப்புவார். இலைகளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். வீட்டுக்குள் அவர் மனைவி, சர்வேயரம்மா, சத்தமில்லாமல் நடமாடினாள். மெலிந்த, நல்ல நிறமான, குரல் உயர்த்தாத அம்மாள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே அந்தச் செடி. அவளுடைய காபி எப்போதும் அந்த ஜன்னலில்தான்.

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு" என்றாள் வெள்ளைக்காரரின் மனைவி ஒருநாள் அறைக்குள் குரலைத் தாழ்த்தி. "செடிக்கு இலை இலையாத் துடைக்கறாரு. அந்தம்மா மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தாங்க, எட்டிப் பாத்து 'காபி இல்லையா'ன்னு கேட்டாரு."

"உனக்கெதுக்கு பெரிய இடத்துப் பேச்சு?"

"எனக்கும் ஒரு வெள்ளைக்காரர் இருக்காரு. காய்ச்சல்னா காபியாவது போட்டுத் தருவாரு. அவ்வளவுதான் சொன்னேன்." அவள் வாயிலிருந்து வந்த பாராட்டு என்று அவருக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

சர்வேயருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பாதி வாய்தான் பேசியது. வெளியூரிலிருந்து மகன் வந்து கட்டிலருகில் நின்றான். சர்வேயரம்மா தலைமாட்டில் இருந்தாள். வெள்ளைக்காரரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அந்த வீட்டின் படுக்கையறைக்குள் வாளியும் பிரஷும் இல்லாமல் அவர் கால் வைத்தது அன்றுதான்.

"வேர் காயக் கூடாது" என்றார் சர்வேயர் கோணிய வாயால். "மேல வெயில் கூடாது. பாத்துக்கணும்." பிறகு மகனைப் பார்த்தார். "செடி இருக்கற வரைக்கும் இவங்க இங்கதான்."

"சரிப்பா" என்றான் மகன்.

தன் மனைவியிடம் சர்வேயர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நேரமிருந்தது. அன்று சாயங்காலம்வரை உயிர் இருந்தது.

சுண்ணாம்பு கூடாது என்று அவர் வெள்ளைக்காரரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. மீன் வளர்க்கிறவர் அதை அடுப்பில் வைக்காதே என்று யாரிடமாவது சொல்லிவிட்டா சாவார்? அந்தச் செடிக்கு வேண்டியது அமிலம் ஏறிய, புளித்த மண். அதன் வேர் மயிரிழை போன்றது, ஆழம் போகாது, மேல் மண்ணிலேயே பாய்போலப் படர்ந்து கிடக்கும். அந்தப் பாயின்மேல் சுண்ணாம்பு இறங்கினால் மண்ணின் புளிப்பு செத்துவிடும். சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வாய் கட்டிக் கிடக்கிறவன்போலச் செடி பட்டினி கிடந்து சாகும். அதுவும் உடனே சாகாது.

சர்வேயர் போன பிறகு வெள்ளைக்காரர் ஒரு நாளும் தவறவில்லை. பீப்பாயில் மழைநீர் பிடித்தார். சருகு பரப்பினார். கையில் சுண்ணாம்பு வெடிப்புகள் இருந்ததால் பூவைக் கிள்ளும்போது விரல் எரியும். பரவாயில்லை என்று கிள்ளினார். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை போய்ப் பார்ப்பார்.

"அதுக்கு வலிக்காம தொடுங்க" என்பாள் மனைவி வாசலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே. "நம்ம வீட்டுப் பத்திரமே அதுதான். பச்சையா இருக்கற பத்திரம்."

மழைக்காலம் முடிந்ததும் சர்வேயரம்மா மதில் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். செடிக்குப் பின்னால் இருந்த சுவர், பாசி பிடித்துக் கறுத்திருந்தது. வெள்ளைக்காரர் இலைகளின் மேல் ஒரு துளி படாமல் சாக்கு போட்டு மூடி, சுவரை முடித்தார். வாளியில் கால்பங்கு மிஞ்சியது. செடியின் தண்டைப் பார்த்தார். கீழ்ப்பகுதியில் எறும்புச் சாரி. ஒரு கிளையில் இலையோரம் ஏதோ பூச்சி அரித்த அரைவட்டங்கள். ஊரில் உள்ள எல்லா மரத்துக்கும் செய்கிறோம், சோறு போடுகிற செடிக்குச் செய்யவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. தண்டுக்கு அழகாக வெள்ளை பூசினார். மிச்சத்தை வேரைச் சுற்றி வட்டமாக ஊற்றினார்.

நிமிர்ந்தபோது சமையலறை ஜன்னலில் சர்வேயரம்மா நின்றுகொண்டிருந்தாள். காபி டம்ளர் வாய்க்குப் பாதியில் நின்றிருந்தது. ஏதோ சொல்ல வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள். பிறகு காபியைக் குடித்தாள்.

"பூச்சி வராதும்மா இனி" என்றார் அவர்.

"அப்படியா" என்றாள் அவள். "நல்லது."

கொஞ்ச நேரத்தில் அவருக்கும் ஒரு காபி வந்தது. எப்போதும் வரும் தகர டம்ளரில் இல்லை, பூப்போட்ட பீங்கான் கோப்பையில். அதைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

அந்தக் குளிர் முடிந்ததும் செடி பூத்தது. அதுவரை யாரும் பார்க்காத பூ. இலை தெரியவில்லை. கீழே தரையைத் தொடும் கிளையிலும் கொத்து, உள்ளே வெளிச்சமே படாத கிளையிலும் கொத்து. சாகப்போகிற செடி கையில் இருப்பதையெல்லாம் அள்ளி இறைத்துவிடும் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரருக்குத் தெரிந்தது வேறு. எல்லாம் சுண்ணாம்பு செய்த வேலை.

மகன் வந்தான். செடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். வெள்ளைக்காரரின் தோளில் கை வைத்தான். "அப்பா இருந்தப்பகூட இப்படிப் பூத்ததில்ல."

"ஐயா கைமருந்து அவருக்கு, என் கைமருந்து எனக்கு" என்றார் வெள்ளைக்காரர்.

என்ன மருந்து என்று மகன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனுக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் கணக்குப் பார்க்கவில்லை. வேலை முடிந்து வரும்போதெல்லாம் வாளியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து வந்து ஊற்றினார். வெயில் ஏறியதும் இலைகளில் மஞ்சள் தெரிந்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். அவர் நேரே சமையலறை ஜன்னலுக்குப் போனார்.

"அம்மா, செடி வெளுக்குது. ஐயா ஏதாவது சொல்லியிருக்காரா, இப்படி ஆனா என்ன செய்யணும்னு?"

சர்வேயரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "நீங்க போன வருஷம் என்ன செஞ்சீங்க?"

"சுண்ணாம்பு."

"பூத்துதே."

"பூத்துதும்மா."

"அப்போ இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, பெயிண்டரே. போதலையோ என்னவோ."

அவர் மனம் குளிர்ந்து போனார். அன்றே கெட்டியாகக் கலக்கி ஊற்றினார். அன்றைக்குச் சர்வேயரம்மா அவர் மனைவிக்கு ஒரு பழைய நாற்காலியும் கொடுத்தாள், கை வைத்த நாற்காலி. "தரையில உக்காராதே, மூட்டு இன்னும் போயிடும்" என்றாள். அவர் மனைவி அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். "இந்தக் காலத்துல யார் பாக்கறாங்க நம்மள? தெய்வம்ங்க அவங்க" என்றாள். அதன்பின் பெரிய வீட்டுத் தரையை இரண்டு முறை துடைத்தாள்.

இலைகள் பழுத்தன. ஓரம் கருகின. எந்தக் காலத்திலும் உதிராத இலைகள் உதிர்ந்தன. அவர் உதிர்ந்தவற்றை விடியுமுன்பே பெருக்கி அள்ளினார், மனைவி பார்த்துவிடாமல். அவள் பார்க்காமல் இருப்பாளா.

"என்னங்க, பத்திரம் கரையான் அரிக்குதா?"

"வெயில் அதிகம். மழை வந்தா துளிர்க்கும்."

"துளிர்க்கணும். இல்லன்னா இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்கயும் நடக்கமாட்டேன். என்னையும் அந்தச் செடிக்கு அடியிலயே நட்டுடுங்க."

மழை வந்தது. துளிர்க்கவில்லை. அடுத்த குளிரில் செடியில் ஒரு மொட்டும் இல்லை. கிளைகள் முறுக்கிய கம்பிபோல நின்றன.

மகன் வந்து பார்த்தபோது கீழே குந்தி உட்கார்ந்து சருகை ஒதுக்கினான். அடியில் அடை அடையாக வெள்ளை. ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்தான்.

"இது என்ன?"

"சுண்ணாம்பு தம்பி" என்றார் வெள்ளைக்காரர். தான் செய்த நல்லதைச் சொல்ல இப்போதாவது ஒருவர் கேட்டாரே என்ற குரல். "நான்தான் விடாம ஊத்தறேன். ஐயா செடியாச்சே. இல்லன்னா எப்பவோ போயிருக்கும்."

மகன் அந்தக் கட்டியை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல, அந்தச் செடிக்குச் சுண்ணாம்பு என்ன செய்யும் என்பதைச் சொன்னான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை. வெள்ளைக்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். பாதியில் தலையாட்டுவது நின்றது.

"அப்போ நான்தான்..."

"நீங்கதான்."

பேச்சுக் குரல் கேட்டுச் சர்வேயரம்மா வந்து படியில் நின்றாள். மகன் திரும்பினான். "நீ பாக்கலயாம்மா? இவ்வளவு கொட்டியிருக்காரு."

"நான் எங்கப்பா தோட்டத்துப் பக்கம் வர்றேன்?" என்றாள் அவள். "தெரியாம செஞ்சிருப்பாரு. விடு."

வெள்ளைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். நல்ல கண்ணால் பார்த்தார். நேற்று அடித்த சுவர்போல இருந்தது அது. ஒரு கறை இல்லை.

"அப்பா குடுத்த வாக்கை நான் மீறல" என்றான் மகன் கையிலிருந்த வெள்ளையைக் கைக்குட்டையில் துடைத்தபடி. "செடி இருக்கற வரைக்கும்னுதான் சொன்னாரு. அந்த ரூமை இடிச்சு கார் நிறுத்த இடம் பண்ணப்போறேன். மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கங்க." கொஞ்சம் யோசித்துச் சேர்த்தான். "போறதுக்கு முன்னாடி இதையும் தோண்டி எடுத்துடுங்க. நான் தொட விரும்பல."

அவன் ஊருக்குப் போன மறுநாள் வெள்ளைக்காரர் சமையலறை வாசலுக்குப் போனார். மனைவி அப்போது முன்னறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா. உங்களுக்குத் தெரியுமா?"

சர்வேயரம்மா அடுப்பைத் தணித்தாள். தெரியாது என்று சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அப்படிச் சொல்லிவிட்டால் போதும் என்றுகூட இருந்தது.

"தெரியும்."



"கல்யாணமாகி வந்த புதுசு" என்றாள் அவள். "தலைச்சன் பிள்ளை அப்போ வயித்துல. முட்டை ஓடு செடிக்கு நல்லதுன்னு எங்க வீட்டுல செய்வோம். நொறுக்கி அதோட அடியில போட்டேன், அவருக்குப் பிடிச்ச செடியாச்சேன்னு. சாயங்காலம் வந்தவர் பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல. மண்ணையெல்லாம் கையாலயே தோண்டி எடுத்து, துணியில சலிச்சு, ஒவ்வொரு ஓடாப் பொறுக்கினாரு. அன்னிலேருந்து அடுத்த பூ பூக்கற வரைக்கும் எங்கிட்டப் பேசல. அந்தப் பிள்ளை அதுக்கு நடுவுல பிறந்து, தங்காம போயிடுச்சு. அப்பவும் பேசல." அவள் பாலை இறக்கி வைத்தாள். "அப்புறம் நாப்பது வருஷம் அதைப் பாத்துக்கிட்டே காபி குடிச்சேன்."

"நீங்களே வெட்டிப் போட்டிருக்கலாமேம்மா."

"மகன் இருக்கானே."

இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு அந்த ரூமைத் தவிர ஒண்ணுமில்லம்மா. அவளால நடக்க முடியாது. உங்களுக்கு நாங்க ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா..."

"சீச்சீ. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல." உண்மையாகவே சொன்னாள். "உங்க ரூமைப் பத்தி நான் நெனைச்சுப் பாக்கவே இல்ல, பெயிண்டரே. பாத்திருக்கணும். தோணல."

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்கதான் ஊத்தச் சொன்னீங்கன்னு. எங்களை இருக்க விட்டுடுவாரு."

"உங்களை விட்டுடுவான். என்னை விடமாட்டான். அவங்கப்பா ரத்தம் அது, வருஷக்கணக்குல பேசாம இருக்கும். பேத்தியைக் கண்ணுல காட்டமாட்டான். உங்களுக்காவது வீட்டுக்காரி இருக்கா. எனக்கு யாரு?" பால் டம்ளரை அவரிடம் நீட்டினாள். "குடிங்க. ஆறிடும்."

அவர் அதை வாங்கவில்லை. அவ்வளவுதான் அவரால் முடிந்த சண்டை.

மனைவியிடம் சொன்னார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பித்தளைப் பாத்திரங்களைச் சேலைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"முடிச்சிட்டீங்களா?"

"நிஜமாத்தான் சொல்றேன்டி. ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னும் ஊத்துன்னு சொன்னாங்க."

"நெசவாளி கெடுத்துட்டு நூலைக் குத்தம் சொன்னானாம்." அவள் முடிச்சை இறுக்கினாள். "பொறந்ததுலேருந்து எனக்கு ஒரு நாற்காலி போட்டவங்க அவங்க ஒருத்தர்தான். என் முழங்காலைப் பாத்து மனசு கஷ்டப்பட்டவங்க. உங்களுக்கு முப்பது வருஷமா என் மூட்டு கண்ணுல பட்டிருக்கா? கையில சுண்ணாம்பு, கண்ணுல சுண்ணாம்பு, இப்போ வாயிலயும் சுண்ணாம்பா? செஞ்சது செஞ்சீங்க. ஆம்பளையா ஒத்துக்கிட்டுச் சும்மா இருங்க. அந்தப் புண்ணியவதி மேல பழி போட்டீங்கன்னா நான் தனியாப் போயிடுவேன், நகர்ந்தே போயிடுவேன்."

"அந்த நாற்காலி எதுக்குக் குடுத்தாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"மனசு இருந்துச்சு, குடுத்தாங்க. உங்களுக்குப் புரியாது."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெரிய செடி, ஒரு நாள் வேலை என்று நினைத்திருந்தார். நாலு பக்கமும் வெட்டிவிட்டுத் தண்டைப் பிடித்து அசைத்ததும் மொத்தமும் மூடியைத் திறப்பதுபோலப் பெயர்ந்து வந்தது. அடியில் வேர் என்று ஒன்று ஆழமாக இல்லை. ஒரு சாண் தடிமனில் ஒரு பாய், அவ்வளவுதான். மேல்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு. இவ்வளவு லேசாகவா நின்றுகொண்டிருந்தது என்று அவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிச்சம் வேர் இருந்தா அதையும் எடுத்துடுங்க" என்றது ஜன்னல்.

எடுத்தார்.

மாசக் கடைசியில் ஒரு சின்ன லாரி வந்தது. பொருள் அதிகமில்லை. கட்டில், இரண்டு மூட்டை, வாளிகள், ஏணி, அந்த நாற்காலி. ஊர்க்கோடியில் ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் அறை கிடைத்திருந்தது. மாடி. படி செங்குத்து.

சர்வேயரம்மா வாசல்வரை வந்தாள். ஒரு கம்பளிச் சால்வையை மடித்து அவர் மனைவியின் கையில் வைத்தாள். அவர் மனைவி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அம்மா, இந்த மனுஷன் பண்ணினதை மனசுல வச்சுக்காதீங்க. விவரம் கெட்ட ஜென்மம். நல்லது செய்யறேன்னு ஐயா செடியையே கொன்னுட்டாரு. நீங்க எப்படித் தாங்கறீங்களோ."

"என்ன பண்றது" என்றாள் சர்வேயரம்மா. "தெரியாம செஞ்சதுதானே."

"பாத்தீங்களா மனசை?" மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "மரம் மாதிரி நிக்கறீங்க. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க. கேக்காம நான் வண்டியில ஏறமாட்டேன்."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். வெள்ளைக்காரர் சர்வேயரம்மாவைப் பார்த்தார். அவள் அவரை நேராகவே பார்த்தாள். அவசரமில்லாமல், தனக்கு வரவேண்டியது வரட்டும் என்று காத்திருப்பவள்போல நின்றாள்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

"சரி" என்றாள் அவள்.

அவர் மனைவியைத் தூக்கி முன்சீட்டில் ஏற்றினார்கள். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். வெள்ளைக்காரர் பின்னால் ஏறி, சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. முன் ஜன்னலிலிருந்து மனைவியின் தலை எட்டிப் பார்த்தது.

"நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றாள். "அதையாவது உருப்படியாக் கொண்டுவந்து சேருங்க."

அவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.